30 வயசுக்கு மேல நீச்சல்: செஞ்சியில ரெண்டு நாள்

இந்த எபிசோட் நீச்சலைப் பத்தி. சம்மர் கேம்ப்ல குழந்தைங்களைக் கொண்டு போய் விடறோமே, அந்த நீச்சல் இல்ல. ரிசார்ட்டுக்குப் போனா பூல் ஓரமா உட்கார்ந்து காலை மட்டும் நனைச்சுட்டு, "நான் அப்புறம் வர்றேன், நீங்க போங்க"ன்னு பையையும் போனையும் பார்த்துக்கிற ஆள் ஒருத்தர் ஒவ்வொரு கேங்லயும் இருப்பார் இல்லையா, அவருக்கான எபிசோட் இது. அவருக்கு நீச்சல் சொல்லித் தர வேண்டிய கோச்சுக்கும்தான்.

போன மாசம் ஒரு சனி, ஞாயிறு செஞ்சிக்குப் பக்கத்துல ஒரு தோப்பு வீட்ல நடந்த நீச்சல் முகாமுக்குப் போயிருந்தேன். கத்துக்க வந்தவங்க 14 பேர், எல்லாருமே 25 வயசுக்கு மேல. கூட 5 கோச்சுகள். அவங்களும் மாணவர்கள்தான். பெரியவங்களுக்கு எப்படிச் சொல்லித் தர்றதுன்னு கத்துக்க வந்திருந்தாங்க. நடத்தினவர் பேரெல்லாம் சொல்லப் போறதில்ல, அவர் விளம்பரம் கேக்கல. பூலும் பெருசு இல்ல, 15 மீட்டர் நீளம், ஆழமான பக்கம் என் கழுத்து வரைக்கும். போதும். அந்த ரெண்டு நாள்ல யாருமே முழு 15 மீட்டரை நீந்திக் கடக்கணும்னு அவசரப்படல.

நான் எந்த லெவல்னு சொல்லிடறேன். லீவுக்கு ஊருக்குப் போறப்ப கிணத்துல கத்துக்கிட்ட நீச்சல் என்னுது. தலையை வெளிய தூக்கி வெச்சுட்டு, கையைக் காலை அடிச்சு, நாலு நிமிஷத்துல மூச்சு வாங்கி மேல ஏறிடுவேன். மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சு நீந்தத் தெரியாது. நம்ம ஊர்ல "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் இந்த லெவல்தான்னு நினைக்கிறேன்.

சரி, முதல் நாள் காலையில முதல் ஒரு மணி நேரம் என்ன பண்ணினோம் தெரியுமா? காலும் அடிக்கல, கையும் வீசல. பூல் ஓரத்தைப் பிடிச்சுட்டு, மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வெச்சு, பாட்டு முனகினோம். 14 பேரும் தண்ணிக்கடியில இளையராஜா பாட்டை ம்ம்ம்ம்னு முனகிட்டு இருந்தோம். வெளியில இருந்து பார்த்தவங்களுக்கு எப்படி இருந்திருக்குமோ தெரியல.

இது எதுக்குன்னா, நீங்க முனகும்போது மூக்கு வழியா காத்து வெளிய போய்ட்டே இருக்கும். காத்து வெளிய போற வரைக்கும் தண்ணி உள்ள வராது. அதைவிட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. தண்ணிக்குள்ள மூச்சு முட்டுதுன்னு சொல்றோமே, அது பெரும்பாலும் ஆக்ஸிஜன் தீர்ந்து போனதால வர்ற உணர்ச்சி இல்ல. உடம்புல கார்பன் டை ஆக்ஸைடு சேர்றதால வர்றது. மூளை அதைத்தான் அளந்து பார்த்து, "மூச்சு எடு, மூச்சு எடு"ன்னு கத்துது. புதுசா கத்துக்கிறவங்க என்ன பண்றாங்க? பயத்துல ஒரு பெரிய மூச்சை இழுத்து, அடைச்சு வெச்சுக்கிறாங்க. மூஞ்சியை வெளிய எடுக்கிற அந்த அரை செகண்டுல பழைய காத்தையும் விடணும், புதுக் காத்தையும் இழுக்கணும். ரெண்டும் நடக்காது. நாலு தடவை இப்படிப் பண்ணினா நெஞ்சு அடைக்குது, அஞ்சாவது தடவை கரையைப் பிடிக்கிறாங்க. "எனக்கு ஸ்டாமினா இல்ல"ன்னு முடிவு பண்ணிடறாங்க. தினமும் 5 கிலோமீட்டர் ஓடுறவங்ககூட பூல்ல ஒரு லேப் போனதும் செத்துப் போற மாதிரி மூச்சு வாங்குறது இதனாலதான். ஸ்டாமினாவுக்கும் அதுக்கும் சம்பந்தம் கம்மி. தண்ணிக்குள்ள நிதானமா விட்டுக்கிட்டே இருந்தா, வெளிய வரும்போது இழுக்கிற வேலை ஒண்ணு மட்டும்தான் மிச்சம்.

அடுத்தது மிதக்கறது. இதைப் புரிஞ்சுக்க வீட்லயே ஒரு சோதனை பண்ணலாம். ஒரு காலி சொம்பைக் கவுத்து, வாளித் தண்ணிக்குள்ள அழுத்துங்க. கையை மேல தள்ளும் இல்லையா? உங்க நுரையீரல்தான் அந்தச் சொம்பு. நெஞ்சுப் பகுதி மிதக்கும், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆனா உடம்போட எடை மையம் நெஞ்சுல இல்ல, இடுப்புக்கிட்ட இருக்கு. அதனால நெஞ்சு மேல நிக்குது, கால் கீழ போகுது. பயத்துல தலையைத் தூக்கினீங்கன்னா கால் இன்னும் கீழ போகும், தராசு மாதிரி. அப்புறம் அந்தக் காலை மேல கொண்டு வர்றதுக்காகவே படபடன்னு அடிக்கணும். முழு சக்தியும் அதுலயே போயிடும். தலையைத் தண்ணிக்குக் கொடுத்துட்டா இடுப்பு தானா மேல வருது. தண்ணி காத்தைவிட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தியானது. அதுக்குள்ள உடம்பை நீட்டி, ஒல்லியா வெச்சுக்கிறது வேகமா கை வீசறதைவிட ரொம்ப உபயோகம்.

இந்த "முதல்ல உடம்பு நிலை, அப்புறம்தான் வேகம்" ங்கிற வரிசையைப் பெரியவங்களுக்குன்னே ஒரு முறையா ஆக்கிப் பிரபலப்படுத்தினவர் டெர்ரி லாஃப்லின்னு ஒரு அமெரிக்க கோச். 1989ல டோட்டல் இம்மர்ஷன்னு ஆரம்பிச்சார். வார இறுதி முகாம்களாத்தான் அது பரவுச்சு. ஆபீஸ் போறவங்க, நடுத்தர வயசுக்காரங்க, முதல் தடவையா டிரையத்லான் பண்ண ஆசைப்பட்டவங்க எல்லாம் ரெண்டு நாள் வந்து கத்துக்கிட்டுப் போவாங்க. அவர் 2017ல இறந்துட்டார். போட்டி நீச்சல்லயும் பெரியவங்களுக்கு இடம் இருக்கு. மாஸ்டர்ஸ்னு தனிப் பிரிவு உண்டு, உலக அளவுல 25 வயசுல ஆரம்பிச்சு அஞ்சஞ்சு வருஷமா வயசுப் பிரிவு போகும். 80, 90 வயசுக்காரங்களும் போட்டி போடறாங்க.

ஆனா நம்ம ஊர்ல நீச்சல்னாலே சின்னப் பசங்க கதைதான். குற்றாலீஸ்வரனை ஞாபகம் இருக்கா? 1994ல, 12 வயசுல இங்கிலீஷ் கால்வாயைக் கடந்தவர். ஒரே வருஷத்துல 6 நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென்னோட 1966 சாதனையைத் தாண்டினார். 90கள்ல அவரைக் காட்டி எத்தனை அப்பாக்கள் பசங்களைப் பூலுக்கு இழுத்துட்டுப் போனாங்கன்னு கணக்கே இல்ல. அந்த அப்பாக்கள்ல எத்தனை பேர் தண்ணியில இறங்கினாங்க?

இப்ப கோச்சுகள் பக்கம் வர்றேன். எனக்கு முகாம்லயே பிடிச்ச பகுதி இது. அஞ்சு பேர்ல ஒருத்தர் 20 வருஷத்துக்கு மேல அனுபவம் உள்ளவர், மாநிலப் போட்டிக்குப் பசங்களை அனுப்பினவர். முதல் நாள் டீ குடிக்கிறப்ப வெளிப்படையாவே சொன்னார். "பெரியவங்களுக்குச் சொல்லித் தர்றது கஷ்டம் சார். சொன்ன பேச்சு கேக்க மாட்டாங்க. ஏன், எதுக்குன்னு கேப்பாங்க. பத்தாவது நாள் வர மாட்டாங்க."

நடத்தினவர் பதில் சொல்லல. அஞ்சு கோச்சுகளுக்கும் ஆளுக்கொரு பேப்பர், பேனா கொடுத்தார். இடது கையால உங்க முழு முகவரியை எழுதுங்கன்னார். எழுத ஆரம்பிச்சதும் பின்னாடி நின்னு கத்த ஆரம்பிச்சார். "கையை நேரா வை! சீக்கிரம்! பக்கத்துல பாரு, அவர் முடிச்சுட்டார்! எத்தனை தடவை சொல்றது?" ரெண்டு நிமிஷத்துல ஒருத்தர் பேனாவை வெச்சுட்டார். "சார், கொஞ்சம் சும்மா இருந்தா எழுதிடுவேன்"னார். எல்லாரும் சிரிச்சோம், அவரும் சிரிச்சார். கரையில நின்னு விசிலை ஊதிட்டு "காலை அடி, கையை நீட்டு"ன்னு கத்துறது ஒரு 40 வயசு ஆளுக்கு எப்படிக் கேக்கும்னு அதுக்கு மேல விளக்க வேண்டியிருக்கல.

குழந்தைக்கும் பெரியவங்களுக்கும் உடம்புலயும் வித்தியாசம் இருக்கு. வருஷக்கணக்கா ஷூ போட்டு நடந்த கணுக்கால் இறுகிப் போயிருக்கும், பாதம் பின்னாடி நீளாது. சில பேர் கிக் அடிச்சா நின்ன இடத்துலயே நிப்பாங்க, சில பேர் பின்னாடிகூடப் போவாங்க. தோள் இறுக்கம், கழுத்து இறுக்கம், லேப்டாப் முதுகு எல்லாம் சேர்ந்து வரும். ஆனா பெரிய வித்தியாசம் மனசுல. குழந்தைக்கு வெட்கம் கிடையாது, தண்ணியைப் பத்தின பழைய ஞாபகமும் கிடையாது. பெரியவங்க ரெண்டையும் தூக்கிட்டுத்தான் பூலுக்கு வர்றாங்க.

செஞ்சி டவுன்லேருந்தே ஒரு அக்கா வந்திருந்தாங்க, 44 வயசு. லெக்கிங்ஸ், முழுக்கை டீ ஷர்ட். முதல் அரை மணி நேரம் படியை விட்டு இறங்கவே இல்ல. ஏன் வந்தீங்கன்னு கேட்டேன். "என் புள்ள கெணத்துல குதிக்கிறான் தம்பி. நான் மேல நின்னு கத்துறதுக்குத்தான் ஆவுறேன். ஒண்ணுன்னா இறங்கத் தெரியாது." சின்ன வயசுல அவங்களை ஒரு மாமா கிணத்துல தள்ளிவிட்டாராம், விளையாட்டுக்குத்தான். மேல வந்துட்டாங்க. அதுக்கப்புறம் 30 வருஷத்துக்கு மேல முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்கினதில்ல.

"தள்ளிவிட்டா தானா கத்துக்குவான்" என்பது நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலமான பயிற்சி முறை. இதுல ஒரு கணக்குக் கோளாறு இருக்கு. தள்ளிவிட்டுக் கத்துக்கிட்டவங்க மட்டும்தான் அந்தக் கதையைப் பெருமையா சொல்றாங்க. தள்ளிவிட்டுப் பயந்தவங்க பூல் ஓரத்துல உட்கார்ந்து மத்தவங்க போனைப் பார்த்துக்கிறாங்க. என்னைக் கேட்டா, அதைவிடப் பழைய முறை எவ்வளவோ மேல். முதுகுல காய்ஞ்ச சுரைக்குடுக்கையைக் கட்டி இறக்கி விடுவாங்க. பின்னாடி அதுவே பிளாஸ்டிக் கேன் ஆச்சு, லாரி ட்யூப் ஆச்சு. அப்பாவோ மாமாவோ கூடவே தண்ணியில நிப்பார். நாள் ஆக ஆக கயித்தைத் தளர்த்துவார்.

இந்தக் "கூடவே தண்ணியில"ங்கிறதுதான் கோச்சுகளுக்குச் சொன்ன முதல் விதி. புதுசா வந்த பெரியவங்களுக்குக் கரையில நின்னு சொல்லித் தராதீங்க, உள்ள இறங்குங்க. ரெண்டாவது விதி எனக்கு இன்னும் பிடிச்சுது. கையை விடமாட்டேன்னு சொன்னா விடக்கூடாது. சைக்கிள் கத்துக் கொடுக்கும்போது "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்"னு சொல்லிட்டே விட்டுடுவோமே, அது தண்ணியில வேலைக்கு ஆகாது. சைக்கிள்ல விழுந்தா முட்டி தேயும். தண்ணியில ஒரு வாய்த் தண்ணி உள்ள போனா, அந்த ஆளுக்கு உங்க மேல இருந்த நம்பிக்கை அன்னைக்கோட முடிஞ்சுது. விடப் போறேன்னு சொல்லிட்டு, அவங்க சரின்னதும் விடணும். ஞாயித்துக்கிழமை காலையில அந்த 20 வருஷ அனுபவக்காரர்தான் அக்காவுக்குத் துணையா தண்ணியில நின்னார். "அம்மா, ரெண்டு விரல் மட்டும் உங்க முதுகுல வெச்சிருக்கேன். நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன்"னார். அவங்க காது தண்ணிக்குள்ள இருந்ததால கேட்டுதோ என்னவோ. ரொம்ப நேரம் கழிச்சு, "எடுங்க சார்"னாங்க. வானத்தைப் பார்த்துட்டு மிதந்தாங்க. அரை நிமிஷம் இருக்கும்.

அரை நிமிஷம் மிதந்து என்ன பிரயோஜனம்னு கேக்கலாம். பிரிட்டன்ல ஆர்.என்.எல்.ஐ.ன்னு ஒரு அமைப்பு இருக்கு, 1824லேருந்து கடல்ல உயிர் காப்பாத்துற வேலை பண்றாங்க. அவங்க மக்கள்கிட்ட ஓயாம சொல்றது, தண்ணியில எதிர்பாராம விழுந்தா நீந்தப் பார்க்காதீங்க, முதல்ல மல்லாந்து மிதங்கன்னுதான். பதறி அடிச்சுக்கிற முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் ஆள் ஓய்ஞ்சு போறாங்க. தலையைப் பின்னாடி சாய்ச்சு, காது நனைய, வாய் மேல இருக்கிற மாதிரி வெச்சு மூச்சு நிதானமாகுற வரைக்கும் இருந்தா, கத்தவும் முடியும், யாராவது ஏதாவது வீசினா பிடிக்கவும் முடியும்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல எங்களைக் கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மலை ஏறுறதுக்கு இல்ல, தண்ணியைப் பார்க்க. செஞ்சிக் கோட்டைன்னா எல்லாருக்கும் ராஜகிரி ஞாபகம் வரும். 2025 ஜூலையில யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல மராத்தா கோட்டைகளோட சேர்ந்து இடம் பிடிச்சதுல இருந்து கூட்டமும் ஜாஸ்தி. பட்டியல்ல இருக்கிற 12 கோட்டைகள்ல மகாராஷ்டிராவுக்கு வெளியில இருக்கிறது இது ஒண்ணுதான். மூணு மலையை வளைச்சுக் கட்டின இந்த இடத்துல முகலாயப் படை 1690கள்ல வருஷக்கணக்கா முற்றுகை போட்டும் உள்ள இருந்தவங்க தாக்குப் பிடிச்சாங்கன்னா, சுவரு மட்டும் காரணம் இல்ல, தண்ணியும்தான். கல்யாண மகாலுக்குக் குழாய் வழியா தண்ணி கொண்டு வந்திருக்காங்க. ராஜகிரி அடிவாரத்துப் பக்கம் சக்கரக்குளம், செட்டிக்குளம்னு ரெண்டு குளம். 1714ல ஆற்காட்டு நவாப் படையோட மோதி இறந்த தேசிங்கு ராஜாவைச் செட்டிக்குளக் கரையிலதான் எரிச்சாங்கன்னு சொல்லுவாங்க.

குளக்கரையில நிக்க வெச்சு எங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. இங்க ஒருத்தர் விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க? கிட்டத்தட்ட எல்லா ஆம்பளைங்களும் சொன்ன பதில், "குதிப்பேன்."

பூல்ல தரை தெரியும், ஓரம் பக்கத்துல இருக்கும். குளத்துல கலங்கின தண்ணி, பாசி பிடிச்ச படி, எங்க ஆழம் ஆரம்பிக்குதுன்னு தெரியாது. 2023 ஏப்ரல் 5, சென்னை மூவரசம்பட்டு கோயில் குளம். தீர்த்தவாரிக்காகத் தண்ணியில இறங்கி நின்ன இளைஞர்கள்ல ஒருத்தர் ஆழத்துல சிக்கினார், கூட இருந்தவங்க காப்பாத்தப் போனாங்க. 5 பேர் இறந்துட்டாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஜூன்ல, செஞ்சியிலிருந்து ரொம்ப தூரம்கூட இல்ல, கடலூர் மாவட்டத்துல கெடிலம் ஆத்துத் தடுப்பணையில குளிக்கப் போன 7 பேர், எல்லாருமே சிறுமிகளும் இளம் பெண்களும். இந்தியாவுல ஒவ்வொரு வருஷமும் 35,000 பேருக்கு மேல தண்ணியில மூழ்கி இறக்கிறாங்கன்னு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தோட சமீப வருஷக் கணக்கு சொல்லுது. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க சுமார் 3 லட்சம் பேர்.

முழுகிறவங்க சினிமாவுல மாதிரி கையை ஆட்டி "காப்பாத்துங்க"ன்னு கத்த மாட்டாங்க. மூச்சு விடவே வாய் தண்ணிக்கு மேல வராதப்ப, எங்க கத்துறது? நெட்டுக்குத்தலா நிப்பாங்க, ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணியைக் கீழ அழுத்தும், தலை பின்னாடி சாயும். கால்ல அடிப்பே இருக்காது. 20லேருந்து 60 செகண்டுக்குள்ள உள்ள போயிடுவாங்க. அந்த நிலைமையில நீங்க பக்கத்துல போனா உங்களைத்தான் படியா நினைச்சு ஏறுவாங்க. அது அவங்க தப்பு இல்ல, உடம்பு அப்படித்தான் வேலை செய்யும். அதனால வரிசை இதுதான்: குரல் கொடு, நீட்டு, வீசு. கம்பு, துடைப்பக் கட்டை, காலி தண்ணி கேன், வேட்டி, துப்பட்டா, எதுவா இருந்தாலும் சரி. படுத்துக்கிட்டு நீட்டணும், நின்னுக்கிட்டு நீட்டினா இழுத்துடும். பயிற்சி எடுக்காத ஆள் உள்ள குதிக்கிறது இந்த வரிசையில எங்கயுமே இல்ல.

இதை யார்கிட்டயும் கத்துக்காம செஞ்சு காட்டினவங்களும் இருக்காங்க. 2020 ஆகஸ்ட்ல பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில நாலு இளைஞர்கள் முழுகினப்ப, அங்க துணி துவைச்சிட்டு இருந்த மூணு பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினாங்க. ரெண்டு பேரைக் கரைக்கு இழுத்துட்டாங்க. மத்த ரெண்டு பேரைக் காப்பாத்த முடியல. தமிழக அரசு அந்த மூணு பேருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. குளக்கரையில இந்தக் கதையைக் கேட்டப்ப எங்க அக்கா, "சீலை அஞ்சரை மீட்டர் வரும் சார்"னாங்க, கணக்குப் போடற மாதிரி. அந்த வீச்சை மறுநாள் பூல்ல நிஜமாவே பழகினோம். ஈரச் சேலை காத்துல விரியாது, முனையில ஒரு முடிச்சுப் போட்டு வீசினா தூரம் போகும்.

ரெண்டு நாள்ல யாரும் நீச்சல் வீரர் ஆகல. பாதிப் பேருக்கு மேல மல்லாந்து மிதந்தாங்க. எனக்கு மூஞ்சியை உள்ள வெச்சு, ஒரு கண்ணாடி தண்ணிக்குள்ள ஒரு கண்ணாடி வெளியிலன்னு பக்கவாட்டுல மூச்சு எடுக்க வந்திருக்கு, வலது பக்கம் மட்டும். இடது பக்கம் திரும்பினா இன்னும் தண்ணிதான் வாய்க்குள்ள வருது. வார இறுதி முகாம் ஒரு ஆரம்பம்தான். அதுக்கப்புறம் வாரத்துக்கு மூணு நாள், அரை மணி நேரம்னு ரெண்டு மாசமாவது தொடர்ந்தாத்தான் உடம்புல பதியும்.

எங்க போறதுன்னு நிறைய பேர் கேப்பீங்க. சென்னையில இருக்கிறவங்களுக்கு வேளச்சேரியில, 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டின நீச்சல் வளாகம் இருக்கு. மத்த ஊர்கள்ல உங்க மாவட்ட விளையாட்டு அரங்கத்துல விசாரிங்க. பெண்களுக்குத் தனி நேரம் இருக்கான்னு கேளுங்க. காட்டன் துணி வேண்டாம், தண்ணி குடிச்சுக் கனமாகும். தலைக்கு எண்ணெய் வெச்சுட்டுப் போகாதீங்க, திட்டுவாங்க. சேர்றதுக்கு முன்னாடி ஒரு வகுப்பைச் சும்மா பாருங்க. கோச் தண்ணிக்குள்ள நிக்கிறாரா, கரையில நிக்கிறாரா? முதல் நாளே கிக் போர்டைக் கொடுத்து "அடி"ங்கிறாரா, மூச்சைப் பத்திப் பேசறாரா? ஒரு கோச்சுக்கு எத்தனை பேர்? லைஃப் கார்டு தனியா இருக்காரா, இல்ல கோச்சே ரெண்டு வேலையும் பார்க்கிறாரா? "எனக்குப் பயமா இருக்கு"ன்னு சொல்லிப் பாருங்க. "பயப்படாதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு நகர்ந்துட்டார்னா, வேற இடம் தேடுங்க. "எதுக்குப் பயம், என்ன ஆச்சு?"ன்னு கேட்டார்னா பணத்தைக் கட்டிடலாம்.

கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. இடது பக்கம் மூச்சு எடுக்க யாருக்காவது நல்ல வழி தெரிஞ்சா அதையும் அனுப்புங்க.